எட்டு மாதத்தில் போன கிளட்ச்: வீட்டு வாசலில் கியர் பாக்ஸ் இறக்கிய அனுபவம்

கொல்லிமலைப் பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியிருப்போம், ஒரு வளைவில் திரும்பி மேட்டில் நிமிரும்போது எங்கள் கார் நின்றுகொண்டது. எஞ்சின் நிற்கவில்லை, அதுதான் விஷயம். இரண்டாவது கியரில் இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. முதல் கியருக்கு மாற்றினேன், கொஞ்ச தூரம் நகர்ந்தது, அப்புறம் அதிலும் அதே கதை. அதற்குள் வாடை வந்துவிட்டது. கருகிய அட்டையும் ரப்பரும் கலந்த வாடை, ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. உள்ளே நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.

ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு, மேலே போகும் ஆசையை விட்டுவிட்டு, மெதுவாக நாமக்கல்லுக்கே திரும்பினோம். இறங்கும்போது கிளட்ச் நன்றாகவே பிடித்தது. இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தியது. ஏறும்போது வழுக்குகிற கிளட்ச் இறங்கும்போது எப்படிப் பிடிக்கிறது என்று அன்றைக்கு எனக்குக் குழப்பமாக இருந்தது. காரணம் எளிது. இறக்கத்தில் எஞ்சின் தடுக்கும் விசை, ஏற்றத்தில் முழு மிதியில் எஞ்சின் தள்ளும் விசையைவிட ரொம்பக் குறைவு. அந்தக் குறைந்த விசையைத் தாங்குகிற பிடிப்பு கிளட்ச்சில் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் இப்படிப்பட்ட வண்டியோடு மலை இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார் அப்பா 2007-ல் வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல், கேபிள் கிளட்ச். ஓடியது 1,18,000 கிலோமீட்டர். இதற்கு எட்டு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் கிளட்ச் பிளேட் (உரசிப் பிடிக்கும் தட்டு), பிரஷர் பிளேட் (அதை நசுக்கிப் பிடிப்பது), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிப்பது) மூன்றும் செட்டாக மாற்றியிருந்தோம். அதற்கப்புறம் ஓடியது 7,000 கிலோமீட்டர் கூட இருக்காது. நிதானமாக ஓட்டினால் ஒரு செட் அறுபதாயிரம், எண்பதாயிரம் என்று தாராளமாக வர வேண்டும்.

விசாரித்த எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், பிளேட் போச்சு, மாற்றிவிடு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "பிளேட்டு தேயத்தான் செய்யும் கண்ணு. ஆனா எட்டு மாசத்துல தேயாது. எது தின்னுச்சுன்னு பாக்காம புதுசு போட்டீன்னா, அதையும் அதே தின்னும்." இந்தப் பதிவை எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

சரி, எது தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கியர் பாக்ஸை இறக்கும் முன்பே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் கேபிள், ஒரு ரூபாய் செலவில்லை. பெடலை விரலால் அழுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் லூஸாக இறங்க வேண்டும், அப்புறம்தான் கனம் தெரிய வேண்டும். அந்த லூஸ் இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், அதாவது நாம் பெடலில் காலை வைக்காமலே பாதிக் கால் வைத்த மாதிரி. பிளேட் தேயத் தேய இந்த லூஸ் குறைந்துகொண்டே வரும். நிறைய பேர் தேய்ந்தால் லூஸ் அதிகமாகும் என்று நினைக்கிறார்கள், கேபிள் வண்டியில் அது நேர்மாறு. பல சமயம் கேபிள் முனையில் இருக்கும் நட்டை நான்கு சுற்றுத் தளர்த்தினாலே ஸ்லிப், அதாவது அந்த வழுக்கல், போய்விடும், ஆயிரக்கணக்கில் செலவு மிச்சம். என் வண்டியில் லூஸ் ஒரு விரல் அகலத்துக்குச் சரியாக இருந்தது. ஆகவே கேபிள் இல்லை.

அடுத்து, இது உண்மையிலேயே கிளட்ச்தானா என்ற கேள்வி. வண்டி இழுக்கவில்லை என்பதற்கு பிரேக் ஒட்டிக்கொண்டிருப்பது, பெட்ரோல் ஃபில்டர் அடைப்பது, எஞ்சின் கம்ப்ரஷன் குறைவது எல்லாமே காரணமாகலாம். ஆனால் அவற்றில் எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே குறையும். ஸ்லிப்பில் மட்டும்தான் சத்தம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். என் காரில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு ஒரே மிதியாக மிதித்தேன். சத்தம் குப்பென்று எழும்பியது, ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை. சந்தேகமே இல்லை.

இன்னொரு சோதனையும் செய்தோம். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்னால் பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது கியரில் போட்டு லேசாக ரேஸ் கொடுத்து கிளட்ச்சை விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த நொடியே அணைந்துவிடும். காலையில் வண்டி குளிர்ந்திருந்தபோது செய்தேன், சட்டென்று அணைந்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு செய்தேன், நான்கு நொடி உறுமிக்கொண்டே இருந்து அப்புறம்தான் அணைந்தது. இதை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பிளேட்டைக் கருக்குகிறோம்.

குளிரில் பிடிக்கிறது, சூட்டில் வழுக்குகிறது. இதைக் கேட்டதும் பெரியவர், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு அடியில் இருக்கும் தகர மூடியைக் கழற்றச் சொன்னார். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் அடிப்பக்கம் சின்ன போல்ட்டுகள் போட்ட ஒரு தகரம் இருக்கும். கழற்றினால் உள்ளே கறுப்புக் களி. கிளட்ச் தூளும் எண்ணெயும் குழைந்து, கண் மை மாதிரி.

அங்கே எண்ணெய் வர மூன்று வழிகள் உண்டு. எஞ்சின் பக்கம் கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) பின்முனை ஆயில் சீல், அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், கியர் பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட் (கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) சீல், அல்லது மேலே வால்வ் கவர் பேக்கிங்கில் ஒழுகி எஞ்சின் முதுகு வழியாக வழிந்து உள்ளே நுழைவது. இதைப் பிரித்துப் பார்க்க அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் மூன்று சொட்டு. ஒன்று எஞ்சின் டிப்ஸ்டிக்கிலிருந்து, ஒன்று கியர் பாக்ஸின் லெவல் போல்ட்டைத் திறந்து விரலை விட்டு எடுத்தது, மூன்றாவது பெல் ஹவுசிங்கின் அடியில் தொங்கிய சொட்டு. எஞ்சின் ஆயில் கறுத்துப் போய், நீர்த்து, அட்டையில் சட்டென்று பரவியது. கியர் ஆயில் தேன் நிறத்தில் கெட்டியாக நின்றது, முகர்ந்தால் கந்தக வாடை, தீக்குச்சிப் பெட்டியைத் திறந்த மாதிரி. மூன்றாவது சொட்டு கறுப்பு, கந்தக வாடை துளியும் இல்லை. அப்போ எஞ்சின் ஆயில். மேலிருந்து வழிகிறதா என்று பார்க்க எஞ்சினின் பின்பக்கத்தை பெட்ரோல் துணியால் துடைத்துக் காயவைத்து, பிள்ளைகளின் முகப் பவுடரைத் தூவிவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன். மேலே பவுடர் தூவினபடியே வெள்ளையாக இருந்தது, கீழே மட்டும் ஈரம். ஆக, கிராங்க் சீல்.

பிளேட்டில் எண்ணெய் படும்போது நடப்பது இதுதான். இரண்டு பக்கமும் உரசுப் பரப்பு உள்ள ஒரு தட்டை, ஒரு பக்கம் எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரமும் மறுபக்கம் பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங் விசையால் நசுக்கிப் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங் விசை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் உராய்வு குறைந்தால் தாங்கும் திருகுவிசையும் அதே விகிதத்தில் குறையும். கொஞ்சம் வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் கருகிப் பரப்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாகும், அதனால் இன்னும் வழுக்கும். சம தரையில் தெரியாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலைமேல் முழு மிதியில் பத்து நிமிடம் ஓட்டும்போதுதான் குட்டு உடையும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் கேட்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஸ்லிப் என்றால் இந்தக் கதை பொருந்தாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கியர் பாக்ஸ் எண்ணெயின் அளவும் நிறமும் வாடையும்தான், கறுத்துக் கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம், அதை வாசலில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு அதற்கென்றே தனி எண்ணெய், வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஆனால் இப்போது சின்ன கார்களில் அதிகம் வரும் ஏஎம்டி வேறு. உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸும் சாதாரண கிளட்ச் பிளேட்டும்தான், கால் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. அதிலும் பிளேட் இப்படியே தேயும், வழுக்கும். மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல்.

இனி வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாள். நான், என் மனைவியின் தம்பி, நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொல்லப் பெரியவர். லாரிப் பட்டறையிலிருந்து நான்கு இரும்பு ஸ்டாண்டு கேட்டு வாங்கி வந்தோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து. அது பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கியர் ராடுகள் என்று வரிசையாகக் கழற்றினோம். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்தோம், போல்ட்டுகளை ஓர் அட்டைப் பெட்டியில் எஞ்சின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தோம். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நீளம் வேறு, இது பின்னால் ரொம்ப உதவியது.

கியர் பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்தான் முதல் முறை செய்பவர்களை மிரட்டும். வீல் பக்கத்து ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை. கீழ் பால் ஜாயின்ட் போல்ட்டைக் கழற்றி வீலோடு சேர்ந்த பகுதியை வெளியே நகர்த்தினால், கியர் பாக்ஸ் பக்கத்து முனை வெளியே வரத் தயாராகிவிடும். உள்ளே ஒரு வளைய லாக் பிடித்துக்கொண்டிருக்கும், லிவரை வைத்து ஒரு வெட்டு வெட்டினால் டப்பென்று விடுபடும். லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு கட்டாயம் வேண்டும், அது அலுமினியம், எளிதில் சிராய்க்கும். வெளியே வந்த ஷாஃப்ட்டைத் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டி வைத்தோம், தொங்கினால் ரப்பர் பூட் கிழியும்.

கியர் பாக்ஸைக் கழற்றினால் எஞ்சின் ஒரு பக்கம் சாயும். அதற்கு இரண்டு பக்க ஃபெண்டர் ஓரத்திலும் மெத்தை மாதிரி சாக்குப் போட்டு குறுக்கே ஒரு இரும்புக் குழாய் வைத்து, எஞ்சின் கொக்கியில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டோம். கீழே சம்ப்புக்கும் (எஞ்சின் ஆயில் நிற்கும் அடித்தொட்டி) அகலமான பலகை வைத்து ஜாக்கியை முட்டுக் கொடுத்தோம். சின்னக் கட்டையாக வைத்தால் சம்ப் தகரம் உள்வாங்கி, ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துவிடும், அப்புறம் எஞ்சினே போய்விடும்.

எல்லா போல்ட்டும் கழற்றியாயிற்று, கியர் பாக்ஸ் அசையவில்லை. மைத்துனன் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டுத் தட்டப் போனான். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "வேண்டாந் தம்பி, வரலைன்னா இன்னும் ஏதோ பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அதத் தேடு." தேடினோம், ஸ்டார்ட்டர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், எண்ணெய்க் கசடு மூடி ஒரு போல்ட். அதைக் கழற்றியதும் இரண்டு ஆட்டில் பிரிந்தது. அந்த இடுக்கில் தட்டியிருந்தால் போல்ட் பிடிக்கும் அலுமினியக் காது உடைந்திருக்கும். அடியில் பழைய லாரி டியூப்பைப் பாதிக் காற்றோடு போட்டு, அதன் மேல் மெல்ல இறக்கினோம். சின்ன கார் கியர் பாக்ஸ் இரண்டு பேர் சமாளிக்கும் கனம்தான், ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு தூக்கும்போது அது இரண்டு மடங்காகிவிடுகிறது.

உள்ளே பார்த்ததும் கதை முழுக்க எழுதி வைத்த மாதிரி இருந்தது. பிளேட்டில் உரசு சரக்கு நிறைய மிச்சம். அதில் பதித்த ஆணித் தலைகள் மேற்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருந்தன, அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் தூக்கிப் போட வேண்டும். ஆக இது தேயவில்லை. ஆனால் பரப்பு கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னியது, பிரஷர் பிளேட்டில் சூட்டின் நீலத் திட்டுகள். ஃபிளைவீலைக் கழற்றினால் அதன் பின்முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எண்ணெய்க் கோடுகள், சூரியக் கதிர் வரைந்த மாதிரி. சுற்றும்போது நடுவிலிருந்து வீசி அடித்திருக்கிறது. கியர் பாக்ஸ் பக்கத்து இன்புட் ஷாஃப்ட் சீலைச் சுற்றி உலர்ந்த தூள் மட்டும்.

அந்தத் தூளை யாரும் வாயால் ஊதவோ கம்ப்ரஸர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய உரசு சரக்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தூக்கிப் போட்டோம்.

கிராங்க் சீலை நெம்பி எடுத்தேன். ரப்பராக இருக்க வேண்டிய உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, மடக்கினால் விரிசல் விட்டது. வண்டியோடு வந்த சீலாகத்தான் இருக்க வேண்டும். எட்டு மாதம் முன்பு கியர் பாக்ஸை இறக்கியபோது சில நூறு ரூபாய்ச் சீலையும் மாற்றியிருந்தால் இரண்டாவது தடவை இவ்வளவு பாடு இல்லை. அன்றைக்கு எங்களுக்கும் அது கேட்கத் தெரியவில்லை. நீங்கள் பட்டறையில் கிளட்ச் மாற்றக் கொடுத்தால், பின்முனை சீலை மாற்றச் சொல்லியே கொடுங்கள். அந்த இடத்துக்கு மறுபடி போக இதே வேலை முழுக்கச் செய்ய வேண்டும்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் விடவில்லை. "வண்டி மூச்சு விடுதான்னு பாத்தியா?" என்றார். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே கசியும். அது வால்வ் கவரிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக, பிசிவி என்ற சின்ன ஒருவழி வால்வைத் தாண்டி, மறுபடி எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிந்துவிட வேண்டும். அந்த வழி அடைத்தால் எஞ்சின் வயிற்றில் அழுத்தம் ஏறும், ஏறினால் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். அந்தப் பலவீனமான இடம் பெரும்பாலும் ஒரு சீல்தான். பிசிவி வால்வைக் கழற்றிக் காதோரம் ஆட்டினேன். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், சத்தமே இல்லை, பிசின் மாதிரி கசடு இறுகியிருந்தது. ஹோஸும் எண்ணெயில் ஊறித் தளர்ந்து, வளைவில் தானே ஒட்டிப் போயிருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, சில மாதமாக எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று முகத்தில் அடிக்கும். வளையம் தேய்ந்திருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். ஆக, பிளேட்டைக் கெடுத்தது எண்ணெய், எண்ணெயை விட்டது சீல், சீலைத் தள்ளியது இந்த வால்வ். வெறும் பிளேட் மாற்றியிருந்தால் இன்னொரு எட்டு மாதம், வெறும் சீல் மாற்றியிருந்தால் ஒருவேளை இரண்டு வருடம்.

ஞாயிறு காலை பூட்டும் வேலை. கிராங்கில் சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டினால் மயிரிழை மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் சீக்கிரம் ஒழுகும். அதனால் பழையது இருந்த ஆழத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தினோம், உதடு புது இடத்தில் உட்காரும், ஃபிளைவீலிலும் இடிக்காது. ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். கிராங்க் விளிம்பில் உதடு மடங்கிக் கிழியாமலிருக்க ஆவின் பால் கவரை வெட்டி வழுவழுப்பான பக்கம் மேலே வரச் சுற்றி, அதன் மேல் எஞ்சின் ஆயில் தடவிச் சீலை வழுக்கி ஏற்றிவிட்டு, கவரை உருவி எடுத்தோம். பிறகு பழைய சீலையே புதுச் சீலின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினால் நேராக உள்ளே போனது. எண்ணெய் தடவுவது ரப்பர் உதட்டுக்கு மட்டும். புது வண்டிகள் சிலவற்றில் டெஃப்லான் உதடு வரும், அதை உலர்வாகவேதான் பூட்ட வேண்டும்.

ஃபிளைவீல் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தோம், வெளிச்சம் எங்கும் தெரியவில்லை, விரிசலும் இல்லை. லேத்துக்குப் போகாமல் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுத்து, பிரேக் கிளீனரால் கழுவினோம். புதுப் பிரஷர் பிளேட்டிலும் துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், அதையும் கழுவ வேண்டும். இதை மறந்தால் புது செட்டே முதல் நாளில் வழுக்கும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு கம்பு வேண்டும், இல்லையென்றால் கியர் பாக்ஸ் உள்ளே போகாது. கடையில் பிளாஸ்டிக் கருவி கிடைக்கும், எங்களிடம் இல்லை. பெரியவர் வீட்டுக் கொய்யா மரத்தில் ஒரு காய்ந்த கிளையை வெட்டி, அரிவாளால் சீவிச் சீவி, பிளேட்டின் பல்துளைக்கு ஒரு அளவும் நுனியில் கிராங்க் நடுத்துளைக்கு ஒரு அளவுமாக, கால் மணி நேரத்தில் செய்து கொடுத்தார். கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கினார். துளையில் விட்டால் ஆட்டமே இல்லை. பிளேட்டில் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர் பாக்ஸைப் பார்த்து. பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் 23 நியூட்டன் மீட்டர். இன்புட் ஷாஃப்ட் பற்களில் அரிசி அளவு கிரீஸ், அதற்கு மேல் வேண்டாம், அதிகமானால் அதுவும் பிளேட்டில்தான் தெறிக்கும்.

கியர் பாக்ஸை ஏற்றும்போது கடைசி இரண்டு சென்டிமீட்டர் போகாமல் நின்றது. இந்த நேரத்தில் போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்கத் தோன்றும், செய்தால் காது உடையும். பாதியில் தொங்கவிட்டு ஓய்வெடுக்கவும் கூடாது, அந்தக் கனம் முழுக்கப் பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடும். கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் போகும் துளைக்குள் கைவிட்டு மெல்லத் திருப்பினேன். பற்கள் பொருந்தி, தொப்பென்று உட்கார்ந்த சத்தம், மைத்துனன் "மாமா, வந்திருச்சு!" என்று கத்தியே விட்டான். அதற்கப்புறம் எல்லாம் கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், லெவல் துளையில் வழியும் வரை. ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று ஊற்றிவிடாதீர்கள், அதில் இருக்கும் கந்தகச் சேர்மானங்கள் கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கக் கூடியவை.

செலவு: கிளட்ச் செட் 2,900, சீல் 340, பிசிவி வால்வும் ஹோஸும் 610, கியர் ஆயில் மூன்று லிட்டர் 1,250, பிரேக் கிளீனரும் சில்லறையும் 400. மொத்தம் 5,500 ரூபாய், இரண்டு பகல்.

முதல் 500 கிலோமீட்டர் மிதமாக ஓட்டினேன், முழு மிதி, அதிக பாரம் எதுவும் இல்லை. புதுப் பரப்பு பொருந்த அவ்வளவு வேண்டும். கேபிள் லூஸ் 200 கிலோமீட்டரில் கொஞ்சம் மாறியது, மறுபடி சரிசெய்தேன். ஆயில் மூடியைத் திறந்தால் இப்போது காற்று அடிப்பதில்லை, மூடியை லேசாக உள்ளே இழுக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வந்த நிம்மதி கிளட்ச் பிடித்தபோது கூட வரவில்லை.

பெரியவரையும் ஏற்றிக்கொண்டு போன மாதம் மறுபடி மலையடிவாரத்துக் காரவள்ளி வழியாக மேலே போனோம். அதே ஐந்து பேர், கூட அவர். அந்த வளைவு வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது கியர், முழு மிதி, ஒரே சத்தமாக ஏறியது. மலைமேல் செம்மேட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் குனிந்து பெல் ஹவுசிங்குக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, வேட்டி ஓரத்தில் துடைத்துக் காட்டினார். தூசி மட்டும். இடதுபக்க டிரைவ் ஷாஃப்ட் பூட்டில் ஒரு சின்ன வெடிப்பைப் பார்த்திருக்கிறார், அடுத்த ஞாயிறு அதற்கு.